பதினொரு மணிச் சிவப்பு

திரையில் அங்கம்மாளின் பெயர் சிவப்பாக இருந்தது.

"பாரு தம்பி. தெனம் பதினொரு மணிக்கு ஆளு மாயமாயிர்றா. அரை மணி, முக்கா மணி. போனும் இவளாட்டவே திருட்டுப் போனு" என்றார் சூப்பர்வைசர் அருணகிரி.

அங்கம்மாள் கண்ணாடி அறை வாசலில் நின்றாள். மல்லசமுத்திரம் பக்கத்து நூல் மில்லில் பதினாறு வருசமாகக் கோன் வைண்டிங்கில், நூலைக் கோனில் சுற்றும் மெசினில், நிற்பவள். ஏற்கெனவே இரண்டு மெமோ. மூன்றாவது இன்று சாயங்காலம். அதோடு வேலை போய்விடும்.

"நாம்பாட்டுக்கு மெசின்கிட்டத்தான நிக்கறனுங்க. போனு புடிக்காததுக்கு நான் என்னங்க பண்ணட்டும்?"

சேலத்திலிருந்து வந்திருந்த நெட்வொர்க் ஆள் ஜெர்ரி அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. போனை மட்டும் வாங்கினான்.

மில்லுக்குள் எல்லார் போனும் மில் வைஃபையில்தான் இருக்க வேண்டும். தூணுக்கு ஒரு வெள்ளைப் பெட்டி. போன் எந்தப் பெட்டியைப் பிடிக்கிறதோ, ஆள் அங்கே நிற்பதாகத் திரை காட்டும். எதையும் பிடிக்காமல் கால் மணி நேரம் தாண்டினால் சிவப்பு.

பாஸ்வேர்ட் சரி. நெட்வொர்க்கை அழித்துவிட்டு மறுபடி சேர்த்தான், உடனே சேர்ந்தது.

போன்கள் வைஃபையில் சேர்ந்ததும் அறுந்ததும் இருக்கும் பதிவைத் திறந்தான். சிக்னல் கிடைக்காமல் அறுந்த போன் ஒரு மாதிரி பதிவாகும், அணைத்துவிட்ட போன் வேறு மாதிரி. அங்கம்மாளின் போனில் தினமும் யாரோ கையால்தான் வைஃபையை அணைத்திருந்தார்கள்.

ஜெர்ரி பதிவைச் சட்டென்று மூடினான்.

"பேல் குடோன் பொட்டிய ஒருக்கா பாத்தரணுங்க சார். இந்தம்மா ஏணி புடிக்கட்டும்."

"போய்ப் பாரு. பஞ்சுத் தூசி எனக்கு ஆகாது."

குடோனில், ஆளுயரப் பஞ்சுப் பொதிகளான பேல்களுக்குப் பின்னால், கழிவுப் பஞ்சு மூட்டைமேல் மூன்று பெண்கள் வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். வைண்டிங்கில் ஸ்டூல் கிடையாது. கேட்டதற்கு, உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்றது நிர்வாகம். அதனால் முறை வைத்து ஆளுக்குப் பத்து நிமிடம் இங்கே.

அவனைப் பார்த்து ஒருத்தியும் எழவில்லை.

ஜெர்ரி ஏணியில் ஏறிப் பெட்டியின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினான்.

உள்ளே, புரோட்டா பார்சல் கட்டுகிற வெள்ளித் தாள், இரண்டு சுற்று. அதைத் தாண்டி சிக்னல் வெளியே வராது. ஒயரில் கரண்ட் இருப்பதால் அருணகிரியின் திரையில் பெட்டி பச்சையாகவே தெரியும். கீழே உட்கார்ந்தவள் மட்டும் எங்கேயும் தெரியமாட்டாள். கால் மணிக்குள் மெசினுக்குத் திரும்பிவிட்டால் போன் தானாகச் சேர்ந்துகொள்ளும்.

தாளின் ஒரு மூலை தூக்கியிருந்தது. விரலால் அழுத்திவிட்டு மூடியை மாட்டினான்.

அருணகிரி போனில் கூப்பிட்டார்.

"பொட்டி நல்லா இருக்குதுங்க சார். அந்தம்மா போன்லதான் கோளாறு. சரி பண்ணிட்டேன். முன்னாடி வந்த சிவப்பும் அதேதான்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தர்றேன்."

வைத்துவிட்டுக் கீழே பார்த்தான்.

"ஏனுங்கக்கா, நீங்களே எதுக்கு ஆஃப் பண்றீங்க?"

அங்கம்மாள் ஏணியை விடாமல் அண்ணாந்தாள்.

"நீ பொங்கலப்போ சுத்திக் குடுத்த தாளு, சாமி. கழண்டு கிழண்டு போயிருக்குமோன்னு பயந்துக்கிட்டு நானே அமத்தீர்றது. மறுக்காப் போடத்தான் மறந்து போயிருது."