ஓரத்துத் துளைகள்

"விரல் வச்சா இந்தக் கம்ப்யூட்டர் கண்டுக்கவே மாட்டேங்கறது. நீ சரி பண்ணிட்டுப் போனா ஒரு நாள்கூடத் தாங்கலையே" என்று அலுத்துக்கொண்டாள் மாட்டுங்கா மாமி.

தாராவியிலிருந்து மூன்றாம் முறையாக வந்திருந்த மெக்கானிக் இசக்கிமுத்து, திரையைச் சுற்றியிருந்த பொடித் துளைகளைப் பார்த்தான்.

"இது வழியா ஒளி போவணும் மாமி. அத விரல் மறைச்சாத்தான் மெஷினுக்குத் தெரியும். துளையெல்லாம் அடச்சிருக்கு."

பஞ்சால் துடைத்தான். மஞ்சளாக வந்தது.

"சாமி கும்பிட்டு மஞ்சத்தண்ணி தெளிச்சீங்களா?"

"பூஜையெல்லாம் ஒண்ணும் பண்ணலையே."

அப்போது அடுக்களையிலிருந்து மாமா குரல் கொடுத்தார்.

"அவன் போயாச்சா? மஞ்சள் ஜலம் கரைச்சுட்டேன். போன தடவை மாதிரியே அவன் தொட்ட இடத்துலெல்லாம் தெளிச்சுடு."

மாமி தலை குனிந்தாள். இசக்கிமுத்து பஞ்சை மேஜைமேல் வைத்தான்.

"இனி நீங்களே தொடச்சுக்கிடுங்க மாமி. நான் தொட்டாத்தான இது கெட்டுப்போவுது."