ஒற்றை சீட்டு

இடுப்பு விண்விண்ணென்று தெறிக்கிறது. காலையிலிருந்து சிமெண்டு மூட்டை இறக்கியவனுக்குப் படிக்கட்டுப் பக்கத்து ஒற்றை சீட்டு கிடைத்திருக்கிறது. "இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பெரியவங்கன்னா மட்டு மரியாதை இல்ல" என்று நேற்று இதே பஸ்ஸில் நியாயம் பேசிய வாய்தான் அவனுடையது. இப்போது தடியூன்றிய கிழவர் ஒருவர் ஏறி, அவனுக்கு முன்னிருக்கும் கம்பியைப் பிடித்து நிற்கிறார். அவன் சட்டென்று கண்ணை மூடிக்கொள்கிறான். மாலை வெயில் இமைக்குள் சிவப்பாக எரிகிறது. ஒரு குலுக்கலில் அவன் தோள்துண்டு நழுவித் தரையில் விழுகிறது. "யோவ், எந்திரிச்சுப் பெரியவருக்கு இடம் குடுய்யா" என்கிறார் கண்டக்டர். "எழுப்பாதப்பா. உடம்பெல்லாம் சிமெண்டு. அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறான், பாவம்" என்கிறார் கிழவர். பஸ் சிக்னலில் நிற்கிறது. கிழவர் குனிய, முட்டி மளுக்கென்று சொடுக்கும் சத்தம் அவன் காதில் விழுகிறது. தூசி தட்டிய துண்டு அவன் மடிக்கு வந்து சேர்கிறது. கிளம்பிய பஸ் மறுபடி பிரேக் போட, முன்னால் சாய்ந்த அவன் நெற்றி கம்பியில் மோதவில்லை. மோதுகிற இடத்தில் கிழவர் தன் கையை நகர்த்தி வைத்திருக்கிறார். சுருங்கிய தோல் அவன் நெற்றியில் உரசுகிறது. இமையைத் திறக்க அவனுக்குத் துணிவு வரவில்லை. அடுத்த நிறுத்தத்தில் தடிச்சத்தம் ஒவ்வொரு படியாக இறங்கிப் போகிறது. பெரியவருக்கு ஒரு சீட்டு பாக்கி. அதில் அவன் இன்னும் உட்கார்ந்திருக்கிறான்.