சிவப்புச் சைக்கிளின் பின்னால்

றெமிஜியஸின் சைக்கிள் கடை வாசலில் பின்னேர வெயில் சாய்ந்து விழுகிறது. சுவரோடு நிற்கும் கறுப்புச் சைக்கிளை றஸ்மி ஏற்கெனவே தூக்கிப் பார்த்துவிட்டான். அந்தக் காபன் சட்டம் காய்ந்த தென்னைமட்டைபோல் எழுந்து வந்தது. மனம் அதிலேயே ஒட்டிக்கொண்டது. ஒப்புக்குத்தான் சிவப்பையும் ஓடிப் பார்த்து இப்போது இறங்குகிறான். பின்சில்லு இன்னும் சுழன்று கிறுகிறுக்கிறது. எதிர்ப் பள்ளிவாசலில் அஸர் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வருகிறார்கள். அப்போதுதான் தான் போட்டிருக்கும் கட்டைக் காற்சட்டை அவனுக்கு நினைவு வருகிறது: தொடையை இறுக்கிப் பிடித்து, முழங்காலுக்கு மேலேயே முடிந்துபோகும் ஓட்டக்காரர் காற்சட்டை. சிவப்புச் சைக்கிளின் பின்னால் ஒதுங்குகிறான். மெலிந்த சட்டம் எதையும் மறைப்பதாக இல்லை. கூட்டத்திலிருந்து பிரிந்து மனைவியின் வாப்பா முகைதீன்பாவா நேரே அவனிடம் வருகிறார். அவர் கண் சைக்கிளின் கைபிடியை விட்டுக் கீழே இறங்கவேயில்லை. “நல்ல சாமான் மகன். வெயில் படுது, மூடி வைங்க” என்று தோள் சால்வையை எடுத்து நடுக்கம்பியில் விரித்துத் தொங்கவிடுகிறார். அது றஸ்மியின் முழங்கால் மறையும்வரை இறங்குகிறது. “சரி மாமா” என்கிறான். அவர் திரும்பிப் பாராமல் போகிறார். பள்ளிவாசலடியில் இன்னும் ஆட்கள் நின்று கதைக்கிறார்கள். கறுப்புச் சைக்கிள் நாலு எட்டுத் தூரத்தில் மின்னுகிறது.

“அப்ப கறுப்பத்தானே எடுக்கிறீங்க?” என்று கேட்கிறான் றெமிஜியஸ்.

“இல்ல” என்கிறான் றஸ்மி, சால்வையை விலகவிடாமல் பிடித்தபடி. “இதுதான்.”