டிடெக்ட் ஆகலை

"லினக்ஸாம் லினக்ஸ். ஒரு கேமராவைக் கண்டுபிடிக்கத் துப்பில்லை," என்றார் அனந்தராமன். மாப்பிள்ளை காதில் விழட்டும் என்றுதான் சொன்னார்.

மாப்பிள்ளை ராம்கி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கறுப்புத் திரையில் இங்கிலீஷில் எதையோ தட்டினான். கம்ப்யூட்டர், கேமரா, நடுவே ஒரு ஒயர். காலை டிபன் முடித்து உட்கார்ந்தவன். சாப்பாடு ஆகி, மத்தியானக் காபியும் ஆகிவிட்டது.

விஷயம் வேறொன்றுமில்லை. அனந்தராமனின் சின்னப் பெண் அம்ருதாவுக்கு ஒரு வரன். செம்பூர் பார்வதி மாமியின் பிள்ளை, அமெரிக்காவில் வேலை. ஜாதகம் பொருந்திவிட்டது. ஞாயிறு சாயந்திரம் ஆறு மணிக்குள் போட்டோவை ஈமெயிலில் அனுப்பினால், பையன் பார்த்துவிட்டு முடிவு சொல்வானாம்.

மாமி கேட்டது மூன்று போட்டோ. கண்ணாடி போடாமல் ஒன்று, தலை முதல் கால் வரை நின்றபடி ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. அதிலும் சிரித்தால் பல் தெரிகிற மாதிரி சிரிக்கணும்.

"பாஸ்போர்ட் ஆபீஸ்லகூட இவ்வளவு கேக்கமாட்டா," என்றாள் அம்ருதா.

அனந்தராமனுக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அமெரிக்கப் பிள்ளையாயிற்றே! அவர் பெண்டாட்டி சரசா வேறு பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டுவிட்டாள். மிலிட்டரி கணக்கு ஆபீஸில் காலமெல்லாம் 'யெஸ் சார்' சொல்லியே ரிட்டயரான மனுஷன். முடியாது என்ற வார்த்தை அவர் வாயில் அவ்வளவு சுலபத்தில் வராது. எல்லாரும் அப்படித்தாம்மா கேப்பா என்று மழுப்பிவிட்டார்.

ராம்கிதான் போட்டோ எடுத்தான். கோர்படிப் பேட்டையில் இருந்த மாமனார் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த திருட்டு விண்டோஸை அழித்துவிட்டு லினக்ஸைப் போட்ட புண்ணியவானும் அவனேதான். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால்கூடப் பக்கத்து இலைக்காரரைப் பிடித்துக்கொண்டு லினக்ஸ் புகழ் பாடுவான். யாராவது அதை ஒரு வார்த்தை குறை சொன்னால் ரசம் சாதத்தோடு எழுந்துவிடுவான். அப்படிப்பட்டவன் இன்றைக்கு அத்தனை பேச்சையும் வாங்கிக்கொண்டு கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருந்தான்.

"ஒயர்ல கேமரா இருக்குன்னு தெரியறது மாமா. ஆட்டோ-டிடெக்ட் லிஸ்ட்லதான் பேர் வரமாட்டேங்கறது."

"ஆள் இருக்கான், ஆனா ரிஜிஸ்டர்ல பேர் இல்லை. எங்க ஆபீஸ் மாதிரின்னா இருக்கு!"

பெர்மிஷன் பிரச்சினையாக இருக்கும், டிரைவர் பழசாக இருக்கும் என்று ராம்கி என்னென்னவோ சொன்னான். கேமராவை அணைத்துப் போட்டான். ஒயரைத் திருப்பிச் செருகினான். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, அது மறுபடி உயிர்த்து எழும்வரை நகம் கடித்தான்.

மாடி வீட்டு இருதயராஜிடம் விண்டோஸ் இருக்கிறதே, அங்கே கொண்டு போகலாமே என்று கேட்டுப் பார்த்தார் அனந்தராமன். ஐயோ, அந்த மிஷின் பூரா வைரஸ், கேமராவுக்கும் ஒட்டிக்கொண்டு போட்டோவெல்லாம் போய்விடும் என்று ராம்கி பதறினான். சரி, கேம்ப் பஜார் போட்டோ ஸ்டுடியோ? ஞாயிற்றுக்கிழமை லீவு.

"இவருக்கு ஆபீஸ்ல எப்படித்தான் சம்பளம் தராளோ," என்று அவன் பெண்டாட்டி ரமாவே தலையில் அடித்துக்கொண்டாள்.

மணி ஐந்தரை ஆயிற்று. அடுக்களையில் வெங்காய பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த சரசா, சூட்டோடு ரெண்டு தின்னுட்டுப் போங்கோ மாப்ளே என்று கூப்பிட்டாள். ராம்கி எழுந்து போனான்.

இதுதான் சமயம் என்று அனந்தராமன் கம்ப்யூட்டர் பக்கம் வந்தார். வைரஸாவது ஒன்றாவது, கேமராவை இருதயராஜிடமே கொண்டுபோய்விடுவது என்று தீர்மானித்துவிட்டார். ஒயரைப் பிடுங்கக் குனிந்தபோது முழங்கை மௌஸில் இடித்தது. இருண்டு கிடந்த திரை பளிச்சென்று வந்தது.

திரை நிறைய அம்ருதா.

மூன்று போட்டோவும் இருந்தன. கண்ணாடி இல்லாமல், எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒன்று. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று புரியாமல் சுவரோரமாக நின்றபடி ஒன்று. பக்கவாட்டில் ஒன்று. சொன்னபடி எல்லாவற்றிலும் பல் தெரிந்தது.

கீழே நேரமும் போட்டிருந்தது. காலை டிபன் செரிப்பதற்குள்ளேயே எல்லாம் கம்ப்யூட்டருக்குள் இறங்கிவிட்டிருக்கிறது!

அனந்தராமனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. காலையிலிருந்து எல்லாரையும் முட்டாளாக்கியிருக்கிறானே! மறுபடி அந்தப் போட்டோக்களைப் பார்த்தார். போலீஸ் ஸ்டேஷனில் நிறுத்தி வைத்து எடுத்த மாதிரி இருந்தாள் அவர் குழந்தை.

திரும்பினால், வாசற்படியில் பஜ்ஜித் தட்டோடு ராம்கி. முகத்தில் ஈயாடவில்லை. அவனுக்குப் பின்னால் அம்ருதா.

"அத்திம்பேரைத் திட்டாதேப்பா," என்றாள் மெதுவாக. "இதை அனுப்பவேண்டாம்னு நான்தான் அழுதேன்."

டெலிபோன் அடித்தது.

"பார்வதி மாமியாத்தான் இருக்கும், எடுங்கோ," என்று அடுக்களையிலிருந்து குரல் கொடுத்தாள் சரசா.

அனந்தராமன் ஒரு கையால் ராம்கியின் தட்டிலிருந்து ஒரு பஜ்ஜியை எடுத்துக்கொண்டார். மறு கையால் ரிசீவரை எடுத்தார்.

"நமஸ்காரம் மாமி. போட்டோ அனுப்ப முடியாது மாமி. எங்காத்துக் கம்ப்யூட்டர்ல லினக்ஸ்னு ஒண்ணு போட்டிருக்கோம். அதுக்குக் கேமராவே கண்ணுக்குத் தெரியமாட்டேங்கறது."

பரவாயில்லை, பையன் காத்திருப்பான், நாளைக்கு அனுப்பினால் போதும் என்றாள் மாமி, பெருந்தன்மையாக.

அனந்தராமன் பஜ்ஜியை நிதானமாகக் கடித்தார்.

"நாளைக்கும் தெரியாது மாமி. அடுத்த வாரமும் தெரியாது. எங்க மாப்பிள்ளை காலைலேர்ந்து உக்காந்து நன்னா செக் பண்ணிட்டார்."