தயிர் பிடித்த இடம்

நாள் முழுக்கக் குழாயில் துணியில் மூட்டையாகத் தொங்கி, தண்ணீரெல்லாம் வடிந்து கெட்டியான தயிர், ஃப்ரிட்ஜுக்குள் வந்ததும் மயோனைஸ் பாட்டிலைப் பார்த்துச் சொன்னது:

"அண்ணே, நீங்க கிளம்பலாம். வீட்டுக்காரருக்குக் கொழுப்பு ஏறிப்போச்சாம். இனிமே சாண்ட்விச்சுக்கு நான்தான்."

"அவர் நாக்குக்கு நீ ஒத்து வருவியா, தம்பி?"

"பூண்டும் மிளகுத்தூளும் சேர்ந்தா வித்தியாசமே தெரியாது."

தெரியவில்லைதான். வீட்டுக்காரர் தெய்வநாயகம் முதல் கடியிலேயே கண்ணை மூடிக்கொண்டார். "பிரமாதம்! இது உடம்புக்கு ஒண்ணும் பண்ணாது" என்று இரண்டாவது சாண்ட்விச் செய்தார். ஒண்ணும் பண்ணாது என்பதால் மூன்றாவதும் செய்தார். பாட்டில் குப்பைத் தொட்டியை நினைத்து நடுங்கியது.

நான்காவதற்குக் கிண்ணத்தில் தயிர் போதவில்லை. தெய்வநாயகம் ஃப்ரிட்ஜைத் திறந்தார். பாட்டிலைக் கழுத்தோடு பிடித்துத் தூக்கினார்.

'அவ்வளவுதான், முடிஞ்சது' என்று பாட்டில் கண்ணை மூடியது.

"மூணு சாண்ட்விச்சுல எவ்வளவு கொழுப்பைக் குறைச்சிருக்கேன்!" என்றபடி அவர் நான்காவதின் மேல் பாட்டிலை வழிய வழியப் பிதுக்கினார்.

சிங்க்கில் கிடந்த கிண்ணத்தின் ஓரத்தில் கொஞ்சம் தயிர் ஒட்டியிருந்தது. பாட்டில் அதை அன்போடு பார்த்தது.

"தம்பி, நாளைக்கும் மறக்காம வந்துடுப்பா."