குளோரின் பெட்டி

"மருந்துக்கு எதுக்குப் பூட்டு ஐயா? அது எங்கயாச்சும் ஓடிப்போயிருமா?"

கேட்டது லினேசி. ஒன்பது வயது. ஆற்றங்கரை ஊரில் எங்கள் குளோரின் பெட்டிக்குக் காவல் இருந்த ஜொனாசியின் மகள்.

ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி என்று ஊராருக்கு ஊற்றிக் காட்டிவிட்டு, அந்த நீலப் பெட்டியை அப்போதுதான் பூட்டியிருந்தேன். சிரித்துக்கொண்டே சாவியைப் பையில் போட்டேன்.

பன்னிரண்டு ஊர்ப் பெட்டிகளின் சாவியும் என்னிடம்தான். மாவட்டச் சுகாதார அலுவலகத்தில், நாற்பது கிலோமீட்டர் தள்ளி. உத்தரவு வந்தால் திறப்பேன். முதல் காலரா நோயாளி வந்த பிறகுதான் உத்தரவு வரும்.

அந்த மார்ச்சில் புயல் வந்தது. ஷிரே ஆறு சாலையை விழுங்கியது. சாவிகள் இந்தப் பக்கம், பெட்டிகள் அந்தப் பக்கம்.

பத்தொன்பது பேரைக் காலரா கொண்டுபோனது.

ஜொனாசியின் ஊரில் ஒருவரும் சாகவில்லை.

தண்ணீர் வடிந்து நான் போனபோது, அங்கே பெட்டியின் பூட்டு தாழ்ப்பாளோடு பெயர்ந்து தொங்கியது. ஊறிப்போன பலகையில் முப்பது நாற்பது வெட்டுகள், எல்லாம் மேலோட்டமானவை. உள்ளே ஒரு பாட்டில்கூட இல்லை.

வெள்ளம் வந்த அன்றே எல்லா வாளியிலும் மருந்து விழுந்துவிட்டது என்றும், முதல் இரண்டு நாளும் ஜொனாசி தோணியை விட்டு இறங்காமல் ஆட்களைக் கரையேற்றினான் என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். நான் பூட்டைப் பற்றித்தான் விசாரித்தேன்.

"நான்தான் உடைச்சேன். எழுதிக்குங்க ஐயா" என்றான் அவன்.

எழுதினேன். 'திருட்டு' என்று எழுதினேன்.

அவன் பெயரை ஊழியர் பட்டியலிலிருந்து அடித்தார்கள். அலுவலகம் கொடுத்த வெள்ளைச் சட்டையைத் துவைத்து, மடித்து, என் கையில் கொடுத்தான். டவுன் சந்தையில் மீன்காரர்கள் அவனைக் கண்டால், "கூடையை மூடுங்கப்பா, காவக்காரர் வர்றாரு" என்று சிரிப்பார்களாம்.

மே மாதம் டாக்டர் கலுவா கூட்டம் போட்டார். எங்கள் மாவட்டத்தின் சுகாதார அதிகாரி. அதிர்ந்து பேசாத அம்மா.

எந்தக் கூட்டத்துக்கும் முன்னால் சொல்லும் ஜெபம் முடிந்ததும் ஒரு நிபந்தனை வைத்தார். அவரவர் தவறை அவரவர் சொல்ல வேண்டும். அடுத்தவர் தவறைச் சொல்லக் கூடாது. சொன்னதற்குத் தண்டனை இல்லை.

டிரைவர்கள் அதற்குப் பாவமன்னிப்புக் கூட்டம் என்று பெயர் வைத்தார்கள்.

முதலில் அவரே எழுந்தார். புயல் எச்சரிக்கை வந்து நான்கு நாள் கையில் இருந்தும், நோயாளிக்காகக் காத்திருந்தது தன் தவறு என்றார்.

என் முறை வந்தது. "சாவி என் பையில இருந்துச்சு" என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

அவர் என் அறிக்கையைப் புரட்டினார்.

"இந்தத் திருடன் ஊர்ல மட்டும் ஏன் ஒருத்தரும் சாகலன்னு யாராச்சும் கேட்டீங்களா?"

யாரும் கேட்டிருக்கவில்லை.

"அப்போ அடுத்த திட்டத்தை அந்தத் திருடன்கிட்ட கேட்டுத்தான் எழுதணும்."

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

சோளக்களியும் கெளுத்தி மீனும் ஆறிப்போகும்வரை உட்கார்ந்து பழைய விதிகளை அடித்துப் புதியவை எழுதினோம். ஊருக்கு இரண்டு சாவி, இரண்டும் ஊரிலேயே. ஆற்றங்கரைக் கம்பத்தில் ஒரு சிவப்புக் கோடு. தண்ணீர் அதைத் தொட்டால் பெட்டி திறக்கும். உத்தரவும் வேண்டாம், நோயாளியும் வேண்டாம்.

இருபத்திரண்டு வருடம் இந்த வேலையில் இருக்கிறேன். ஓர் அலுவலகம் தன் தவறின் முன் இப்படித் தலைகுனிந்து உட்கார்ந்ததை அன்றுதான் பார்த்தேன். அது ஜெபத்தைப் போலவே இருந்தது.

ஜொனாசியின் பெயரை மறுபடி பட்டியலில் சேர்த்தார்கள். சட்டையையும் சாவிகளையும் கொண்டுபோகும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். வீட்டில் யாரும் இல்லை. ஊரே தேவாலயத்தில் இருந்தது. பாட்டு அங்கிருந்து மிதந்து வந்தது.

முதலில் பெட்டிக்குப் புதுத் தாழ்ப்பாள் பொருத்தினேன். பிறகு சட்டையை வாசலில் வைக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன்.

சுவரில் மூன்று மண்வெட்டிகள் சாத்தியிருந்தன. இரண்டு பெரியவை, விளிம்பு சுத்தமாக இருந்தது. மூன்றாவது சின்னது, பிள்ளைகளுக்கென்று செய்தது. அதன் காம்பு என் இடுப்புக்குக்கூட வரவில்லை.

அதன் விளிம்பு மூளியாகியிருந்தது. மூளிக்குள் நீலப் பெயின்ட்.

முப்பது நாற்பது வெட்டுகள். எல்லாம் மேலோட்டமானவை.



தாழ்ப்பாளுக்காகக் கொண்டுவந்த அரத்தை எடுத்தேன். அந்தச் சின்ன மண்வெட்டியை மடியில் வைத்து, நீலம் போகும்வரை, மூளி மறையும்வரை ராவினேன். கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். புதியது போல் கூர்மையாக இருந்தது.

எடுத்த இடத்திலேயே சாத்தினேன்.

ஒரு சாவியை ஜொனாசியின் சட்டைப் பையில் போட்டு, சட்டையை வாசலில் வைத்தேன். இன்னொன்றைக் கயிற்றில் கோத்து, அந்தச் சின்னக் காம்பில் மாட்டினேன்.

பாட்டு முடிவதற்குள், மோட்டார் சைக்கிளை முடுக்காமல் ஊர் எல்லைவரை உருட்டிக்கொண்டே வந்துவிட்டேன்.