காட்டிக்கொடுக்காத பிரவுசர்

போனில் மூன்று பிரவுசர்களை இறக்கிவிட்டு, எது நல்லது என்று தோழி ரோஸ்லினிடம் கேட்டேன்.

“முதல்ல உள்ளது சல்லுனு தொறக்கும்டி. ரெண்டாவதுல விளம்பரம் வராது. மூணாவது டேட்டாவ கம்மியா இழுக்கும்.”

“அதெல்லாம் யாருக்கு வேணும்? எது காட்டிக்கொடுக்காது?”

என் அண்ணனை அவளுக்கும் தெரியும். தினமும் சாப்பிட்டதும் ஈரக் கையை லுங்கியில் துடைத்துவிட்டு என் முன்னால் நீட்டுவான். நான் போனை அதில் வைக்க வேண்டும். இந்த வீட்டின் முதல் டிகிரிக்கு அவ்வளவுதான் மரியாதை.

ஓசூரில் வேலை கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை சேர வேண்டும். அதே வெள்ளிக்கிழமைதான் என்னை நிச்சயம் பண்ண வருகிறார்கள். முதல் பிரவுசரில் விடுதி தேடினேன். மறுபடி ‘ஓ’ என்று அடித்ததுமே ‘ஓசூர் பெண்கள் விடுதி’ என்று அதுவே முடித்தது. இரண்டாவதும் அப்படியே உளறியது. மூன்றாவது மட்டும் மூடித் திறந்ததும் எல்லாவற்றையும் மறந்து கம்மென்று இருந்தது. மற்ற இரண்டையும் தூக்கிவிட்டு, அதிலேயே விடுதிக்கும் பஸ்ஸுக்கும் பதிவு செய்தேன்.

சாப்பிட்டு முடித்து அண்ணன் கையை நீட்டினான். கொடுத்தேன். கட்டைவிரல் மேலும் கீழும் போய் நின்றது.

“ஏ காளீஸ்வரி, காலையிலேர்ந்து போனும் கையுமாத்தான இருந்த?”

“ஆமா.”

திரையை என் பக்கம் திருப்பினான். தேடியவற்றின் பட்டியல் வெள்ளைவெளேரென்று இருந்தது.

“அப்புறம் ஏன் இதுல ஒண்ணுமே இல்ல?”

ஒரு கோலம், ஒரு ஜாக்கெட் டிசைனாவது தேடி வைத்திருக்கலாம். அடுப்படியில் அம்மா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.